நீளம் உங்கள் முடியிலிருந்தே வரட்டும்

கேள்வி: எனக்கு வயது 41. ஆறு வருடமாக உச்சந்தலையில் முடி மெலிந்துகொண்டே வருகிறது. வகிடு நன்றாக அகன்றுவிட்டது. பக்கங்களிலும் பின்னாலும் முடி இருக்கிறது, நடு முதுகுவரை வரும். ஒரு காலத்தில் இடுப்புக்குக் கீழே தொங்கியது. அந்த நீளம் திரும்ப வேண்டும் என்ற ஆசையில், இடுப்புவரை வரும் லேஸ் ஹேர் டாப்பர் (லேஸ் என்ற மெல்லிய வலையில் முடி கட்டிய, உச்சியை மட்டும் மூடும் சிறு விக்) ஒன்றை ரெடிமேடாக வாங்கி, பசை போட்டு ஒட்டிக்கொண்டேன். ஏழே வாரத்தில் பிடரியில் பந்து பந்தாகச் சிக்குப் பிடித்துவிட்டது. வகிட்டில் முடி உதிர்ந்து லேஸ் தெரிகிறது. தலையும் அரிக்கிறது. தினமும் குளிக்கும்போது அலசத்தான் செய்தேன். நான் ஏமாந்துவிட்டேனா, இல்லை பராமரிப்பில் தவறா? அடுத்து எதை வாங்குவது? — ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகளுக்கு வருமுன் அந்த அரிப்பைப் பற்றிப் பேசிவிடுகிறேன். ஒட்டியிருப்பதை இன்றே எடுத்துவிடுங்கள். பிய்த்து எடுக்க வேண்டாம். உச்சியில் உங்கள் சொந்த முடி இன்னும் இருக்கிறது, பசையோடு சேர்ந்து அதுவும் வந்துவிடும். இந்தப் பசைக்கென்றே விற்கும் ரிமூவரை ஓரத்தில் சில சொட்டு விட்டு, சில நிமிடம் பொறுத்து, இளகிக் கொடுக்கும் இடத்தை மட்டும் மெதுவாகத் தூக்குங்கள். இளகாத இடத்தில் மறுபடி விடுங்கள். ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

அப்புறம் ஒரு தோல் மருத்துவரிடம் தலையைக் காட்டுங்கள். அரிப்பு வெறும் பசை ஒவ்வாமையாகவே இருக்கலாம். ஆனால் தலைத்தோலில் அழற்சி உண்டாகி முடியின் வேரையே அழித்துவிடும் நோய்களும் உண்டு. அரிப்பு, எரிச்சல், சிவப்பு, செதில், வழுவழுவென்று மினுங்கும் திட்டு என்று அவை தலைகாட்டும். அப்படி அழிந்த வேரிலிருந்து மறுபடி முடி முளைக்காது. மேலே ஒரு டாப்பரை மாட்டி மறைத்துக்கொண்டு நாளைக் கடத்தினால் இழப்பு உங்களுக்குத்தான். ஆண்டுக்கணக்கில் வகிடு மெல்ல மெல்ல அகல்வதைப் பார்த்தால் பெண்களுக்குப் பரவலாக வருகிற பரம்பரை வகை மெலிவு என்றே தோன்றுகிறது. அதற்கு மினாக்ஸிடில் போன்ற மருந்துகள் இருக்கின்றன. இருக்கிற முடியைக் காப்பாற்றிக்கொள்ள அவை பலருக்கு உதவுகின்றன. இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும்கூட முடியை மெலியவைக்கும், அவற்றைச் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே பார்த்துவிடலாம். டாப்பர் செய்துகொள்ள என்னிடம் வருகிறவர்களிடம் அளவு நாடாவை எடுக்கும் முன்பே, டாக்டரைப் பார்த்தீர்களா என்றுதான் கேட்பேன்.

சரி, ஏமாந்தீர்களா? உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முடியின் தரத்தில் ஏமாற்று இருந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் நல்ல முடியாகவே இருந்திருந்தாலும் அந்த டாப்பர் உங்கள் தலையில் நெடுநாள் உழைத்திருக்காது.

முடியின் மேற்பரப்பு கூரை ஓடு வேய்ந்ததுபோல் செதில் செதிலாக இருக்கும். செதில்கள் எல்லாம் வேரிலிருந்து நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும். அதனால்தான் வேரிலிருந்து நுனிக்கு விரலை ஓட்டினால் வழுக்குகிறது, திருப்பி ஓட்டினால் சொரசொரக்கிறது. எல்லா முடியும் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருந்தால் அதற்கு ரெமி முடி என்று பெயர். வேரும் நுனியும் தலைகீழாகக் கலந்த முடி மலிவாகக் கிடைக்கும். அதை அப்படியே கட்டினால் சிக்கு விழும் என்பதால், அமிலத்தில் முக்கிச் செதில்களைக் கரைத்துவிட்டு மேலே சிலிக்கோன் பூச்சு கொடுப்பார்கள். வாங்கும்போது பட்டுப்போல் வழுக்கும், அளவுக்கு மீறிப் பளபளக்கும். சில முறை அலசியதும் பூச்சு போய்விடும். அதற்குப் பிறகு அந்த முடியைக் காப்பாற்ற எந்த சீரமாலும் முடியாது.

உங்களுடையது எந்த வகை என்று வீட்டிலேயே சோதிக்கலாம். டாப்பரிலிருந்து உதிர்ந்த ஒரு முடியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நீளவாக்கில் பிடித்து, விரல்களை முன்னும் பின்னும் உரசுங்கள். செதில் உள்ள முடி எப்படி உரசினாலும் தன் வேர்ப் பக்கமாகவே நகர்ந்துபோகும். முதலில் உங்கள் சொந்த முடியில் செய்து பழகுங்கள். அப்புறம் டாப்பர் முடிகள் பத்தைப் பிரித்தெடுத்து, லேஸில் முடிச்சிட்டிருந்த பக்கம் எது என்று அடையாளம் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாம் முடிச்சுப் பக்கமாகவே நகர்ந்தால் நல்ல முடி. சில இப்படியும் சில அப்படியும் நகர்ந்தால் கலப்பு. நகரவே இல்லை என்றால் செதில் கரைக்கப்பட்டது. அடுத்த முறை வாங்குமுன், ஒரு சிறு கற்றை மாதிரி கேட்டு வாங்கி, நாலைந்து முறை ஷாம்பு போட்டு அலசிக் காயவைத்துவிட்டு இதே சோதனையைச் செய்யுங்கள். மாதிரி தர மறுக்கிறவரிடம் நீள முடி வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் பாருங்கள். கையால் முடி கட்டும்போது ஒவ்வொரு முடியையும் மடித்து ஊசியால் முடிச்சிடுவார்கள். மடிப்பின் ஒரு பக்கம் நீளமாகத் தொங்கும். மறுபக்கம் சில சென்டிமீட்டர் குட்டையாக நிற்கும். அந்தக் குட்டைத் துண்டில் செதில்கள் எதிர்த்திசையில் இருக்கும். அவை நீள முடியோடு உரசி உரசி, வேர்ப் பக்கத்திலேயே சிக்குக்கு விதை போட்டுவிடும். நல்ல தயாரிப்பாளர்கள் இவற்றை நீக்கித் தருவார்கள். பேஸை, அதாவது முடி கட்டிய அடிவலையை, ஒட்டி முடியைப் பிரித்துப் பார்த்தால், பஞ்சுபோல் குட்டை முடிகள் நிற்கின்றனவா என்று கண்ணுக்கே தெரியும்.

இனி நீளத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது உங்களுக்கு வருத்தம் வரும் என்று தெரியும். இடுப்புவரை முடி வைத்திருந்தவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை என் நாற்காலியில் உட்கார்ந்து அழுதவர்களிடம் பார்த்திருக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன்: இடுப்பு நீள டாப்பர் வேண்டாம்.

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். 40 செ.மீ. முடியின் நுனி மூன்று வயதைத் தாண்டியது, 70 செ.மீ. முடியின் நுனிக்கு ஐந்தாறு வயது. அத்தனை வருட வெயிலும் சீப்பும் பட்ட பிறகுதான் அது தலையிலிருந்து வெட்டப்பட்டு, சாயம் ஏற்றப்பட்டு உங்களிடம் வருகிறது. உங்கள் தலையில் வளரும் முடிக்கு வேரடியிலிருந்து எண்ணெய்ப்பசை சுரந்துகொண்டே இருக்கும். முடிச்சுப் போட்ட முடிக்கு அது கிடையாது. நீங்கள் வெளியிலிருந்து கொடுப்பதுதான் அதற்கு. நீளம் கூடக் கூட வறண்ட பகுதியும் கூடும், உரசும் பரப்பும் கூடும். எடையும்தான்: நீளம் இரண்டு மடங்கானால் ஒவ்வொரு முடிச்சும் இரண்டு மடங்கு எடையைத் தாங்க வேண்டும். சீப்பு ஒரு சிக்கில் மாட்டி இழுக்கும்போது அந்த இழுப்பு முழுக்க முடிச்சுக்கும் லேஸுக்கும் போகிறது. வகிட்டில் உங்களுக்கு முடி உதிர்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். கறுப்பு முடியின் முடிச்சு லேஸில் கரும்புள்ளியாகத் தெரியும் என்பதால் அதை ப்ளீச் செய்வார்கள். ப்ளீச் பட்ட முடி முடிச்சிலேயே நலிந்துவிடும். நீள முடியின் எடையும் சேர்ந்தால் முறிந்து விழும்.

வேலை கற்ற புதிதில் ஒரு பெண்ணுக்கு அவர் விருப்பப்படியே இடுப்பு நீளத்தில் ஒன்று செய்து கொடுத்தேன். அவர் முகத்தில் அன்று பார்த்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. மூன்று மாதத்தில் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கம்பளிக் கட்டிபோல் இருந்தது. வேண்டாம் என்று எடுத்துச் சொல்லாதது என் தவறு. அதன் பிறகு நீளம் கேட்கிற யாரிடமும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

உங்களிடம் பெரிய செல்வம் ஒன்று இருக்கிறது: பக்கத்திலும் பின்னாலும் நடு முதுகுவரை சொந்த முடி. நீளத்தை அது தரட்டும். டாப்பர் உச்சியின் அடர்த்தியை மட்டும் தந்தால் போதும். பார்க்கிறவர்கள் முனையில் காண்பது உங்கள் முடியை. டாப்பரின் நுனி அதற்கு நடுவே எங்கேயோ கரைந்துவிடும். இதற்கு 35 முதல் 40 செ.மீ. நீளம் போதுமானது. விற்பவர்கள் அங்குலத்தில் சொல்வார்கள்: 14 அல்லது 16. நேராக இழுத்துப் பிடித்து அளந்த கணக்கு அது, அலை உள்ள முடி என்றால் தொங்கும்போது குறைவாகத் தெரியும். வகிட்டில் நாடாவை வைத்து, தலையின் வளைவோடு கீழே விட்டு, எங்கே முடிகிறது என்று கண்ணாடியில் பாருங்கள். முடிகிற இடத்தில் ஒரே கோடாக வெட்டிவைத்தால் தட்டுப்போல் தனியாகத் தெரியும். அதனால் டாப்பரைத் தலையில் மாட்டிய நிலையில், உங்கள் முடியோடு சேர்த்து லேயராக வெட்டச் சொல்லுங்கள். டாப்பர் வெட்டிப் பழகியவரிடமே போங்கள். உங்கள் முடியில் தவறினால் வளர்ந்துவிடும், இதில் வளராது.

பேஸ் விஷயத்தில் லேஸை விட்டுவிட்டு மோனோவுக்கு மாறுங்கள். லேஸ் மெல்லியது, காற்றோட்டமானது, நெற்றி ஓரத்தில் கண்ணுக்கே தெரியாது. ஆனால் நீள முடியின் இழுப்புக்குக் கிழியும். உங்கள் நெற்றி ஓரத்து முடி அப்படியே இருக்கிறது என்றால் லேஸின் அந்த ஒரு பெரிய நன்மை உங்களுக்குத் தேவையே இல்லை. மோனோ கொஞ்சம் கெட்டியான நுண்வலை. அதில் இரட்டை முடிச்சுப் போடலாம், ஓரத்தைச் சுற்றிப் பாலியூரித்தேன் பட்டை வைத்தால் கிளிப் தைக்க உறுதியான இடமும் கிடைக்கும். வகிடு வரும் இடத்தில் மட்டும் ஒற்றை முடிச்சு கேளுங்கள், ப்ளீச் எங்குமே வேண்டாம். கரும்புள்ளி தெரிந்தால் தோல் நிறப் பவுடரைப் பேஸின் அடிப்பக்கம் ஒற்றிக்கொண்டால் போதும். முடிச்சே தெரியாத சில்க் டாப் என்ற வகையும் உண்டு. இரண்டு அடுக்கு என்பதால் சற்றுத் தடிப்பாகவும் சூடாகவும் இருக்கும்.

பசை உங்களுக்கு ஏற்றதே அல்ல. உச்சியில் முடி முழுக்கப் போனவர்களுக்கு டேப்பும் பசையும் பொருந்தும். அவர்களும் முழங்கையின் உட்பக்கத்தில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டே தலையில் போட வேண்டும். மெலிந்த முடியின் மேல் ஒட்டினால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கொஞ்சம் முடி போகும். நீங்கள் கிளிப் வைத்த டாப்பர் போடுங்கள்: காலையில் மாட்டி, வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுவது. கிளிப்பிலும் கவனம் வேண்டும். மெலிந்த இடத்து முடியில் கிளிப் மாட்டினால் அது நாள் முழுக்க இழுபட்டு வேர் பலவீனமாகும், நாளடைவில் அந்த இடமே வழுக்கையாகும். ஆகவே மெலிந்த பகுதியைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2 செ.மீ. அளவு பேஸ் நீண்டிருக்க வேண்டும். கிளிப் விழுவது திடமான முடியில். கிளிப்பின் உட்பக்கம் ரப்பர் பட்டை இருக்கட்டும். சில வாரத்துக்கு ஒரு முறை கிளிப்பைப் பிரித்து ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் மினாக்ஸிடில் எழுதிக்கொடுத்தால் அது முழுக்கக் காய்ந்த பிறகே டாப்பர்.

அளவு எடுப்பது எளிது, ஆனால் தனியாகச் செய்யாதீர்கள், ஒருவர் உதவட்டும். முடியை ஈரமாக்கிப் படிய வாரி, தலைமேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுக்கமாக விரித்து, அதன் மேல் செல்லோடேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் தலையின் வடிவில் ஒரு தொப்பி கிடைக்கும். மெலிந்த பகுதியின் எல்லை, வகிடு, நெற்றியின் நடு, சுழி ஆகியவற்றை மார்க்கரால் குறித்துவிடுங்கள். முடியின் நிற மாதிரியை நெற்றிப் பக்கத்திலிருந்து எடுக்காமல், டாப்பரின் நுனி கலக்கப்போகும் பக்கவாட்டிலிருந்து எடுத்துக் கொடுங்கள்; நீள முடி நுனியில் எப்போதும் கொஞ்சம் வெளுத்திருக்கும். நரை இருந்தால் எத்தனை என்று சொல்லிவிடுங்கள், நரைக்குச் செயற்கை இழை கலந்தால் அந்த இழைக்குச் சூடு ஆகாது என்பதை நினைவில் வையுங்கள். அடர்த்தி என்று எண் கேட்பார்கள். அந்த எண் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மாதிரி. உங்கள் பக்கவாட்டு முடியின் படத்தைக் காட்டி, இதைவிட ஒரு துளி குறைவாக என்று சொல்வதே மேல். நீள முடியில் அடர்த்தி கூடினால் விக் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும்.

தினமும் அலசியதைப் பற்றி. கம்பளித் துணியைச் சுடுநீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிக் கட்டிதட்டிப் போகும் இல்லையா, அதற்குக் காரணமும் இதே செதில்கள்தான். ஈரம், சூடு, உரசல் மூன்றும் சேர்ந்தால் இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். உங்கள் பிடரியில் நடந்தது அதுவே: வியர்வை ஈரம், உடம்புச் சூடு, காலரிலும் தலையணையிலும் உரசல். கிளிப் டாப்பரை எட்டுப் பத்து முறை அணிந்த பிறகு ஒரு தடவை அலசினால் போதும். அதிகம் வியர்த்தால் கொஞ்சம் முன்னதாக.

நனைக்கும் முன்பே சிக்கெடுத்துவிடுங்கள். சிக்கோடு நனைத்தால் அது முடிச்சாக இறுகும். பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி வாருங்கள், மற்றொரு கையால் முடியைப் பேஸுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டால் இழுப்பு முடிச்சுக்குப் போகாது. பேஸைக் கையில் பிடித்து முடியைக் கீழே தொங்கவிட்டு, வெதுவெதுப்பான நீர் மேலிருந்து கீழே ஓடும்படி நனையுங்கள். வாளியில் முக்கிச் சுழற்ற வேண்டாம். சல்ஃபேட் இல்லாத ஷாம்பு கொஞ்சத்தை ஒரு குவளை நீரில் கரைத்து ஊற்றி, விரல்களால் கீழ்நோக்கி மட்டும் தடவுங்கள். கண்டிஷனரைக் காது மட்டத்துக்குக் கீழே தாராளமாகப் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். முடிச்சில் படக் கூடாது. வழவழப்பில் முடிச்சு நெகிழ்ந்து முடி கழன்றுவிடும். எண்ணெயும் அப்படியே, நுனிப் பகுதிக்கு ஓரிரு சொட்டு மட்டும். உங்கள் வீட்டுத் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்றால் கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீர் ஒரு குவளை வைத்துக்கொள்ளுங்கள். படியும் உப்பு முடியைச் சொரசொரப்பாக்கும்.

துண்டால் முறுக்காமல் ஒற்றி எடுத்து, ஸ்டாண்டில் மாட்டி நிழலில் காயவிடுங்கள். பேஸ் நன்றாகக் காயாமல் தலையில் வைக்க வேண்டாம். சூட்டுக் கருவி தேவைப்பட்டால் 150 டிகிரிக்கு மேல் போகாதீர்கள், அதுவும் எப்போதாவது. வெயிலில் நாளெல்லாம் இருந்தால் சாயம் ஏறிய கறுப்பு முடி செம்பட்டையாகத் திரும்பும். அப்போது அம்மோனியா இல்லாத சாயத்தை முடியில் மட்டும், பேஸில் படாமல் போடலாம். நீச்சலுக்கு டாப்பர் வேண்டவே வேண்டாம். நீண்ட பயணத்தில் இருக்கையின் முதுகில் முடி உரசிக்கொண்டே இருக்கும், தளர்வாக ஒரு பின்னல் போட்டு முன்பக்கம் விட்டுக்கொள்ளுங்கள். இரவில் கழற்றி, பின்னி, ஸ்டாண்டில் வைத்துவிடுங்கள். அதைப் போட்டுக்கொண்டு தூங்கினால் மேலே சொன்ன அத்தனையும் வீண்.

இப்படிப் பார்த்துக்கொண்டால் நல்ல மோனோ டாப்பர் ஒரு வருடமாவது உழைக்க வேண்டும். புதிதாக வந்த அன்றே அதிலிருந்து மெல்லிய கற்றை ஒன்றை எடுத்துக் காகிதத்தில் ஒட்டி, வெளிச்சம் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். அடுத்ததற்கு நிறம் சொல்ல அது உதவும்.

பழைய டாப்பரைத் தூக்கி எறிய வேண்டாம். பிடரிச் சிக்கு இருக்கும் இடத்துக்கு மேலே வெட்டினால் குட்டையாகக் கொஞ்சம் முடி மிஞ்சும். பசையை முழுக்க நீக்கி, சுற்றிலும் நாலைந்து கிளிப் தைத்து, தலையில் அரிப்பு அடங்கியதும் ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே போட்டுக் கழற்றிப் பழகுங்கள். எந்த இடத்தில் கிளிப் உறுத்துகிறது, எங்கே நழுவுகிறது என்று தெரிந்துவிடும். அதைக் குறித்துவைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் தொப்பியோடு சேர்த்து அடுத்த டாப்பர் செய்பவரிடம் கொடுங்கள்.